நூற்குற்றம் பத்து

மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் நேரும் பிழைகளை எண்ணிப் பட்டியலிடும் வழக்கம் மேலைப் பல்கலைக்கழகங்களோடு வந்தது என்னும் எண்ணம் பரவலாக இருப்பினும், தமிழ் இலக்கண மரபில் அதன் வேர் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் இறுதி இயலாகிய மரபியல், நூல் எவ்வாறு அமைய வேண்டும் என்று விளக்கும் இடத்தில் அதனைக் கெடுக்கும் சிதைவுகளைப் பத்தாக வகுக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் குலோத்துங்கனுக்குக் கீழ்ப்பட்ட சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டச் சமண முனிவரான பவணந்தி இயற்றிய நன்னூலோ, அவற்றைக் குற்றம் என்னும் பெயரில் பாயிரத்திலேயே, அதாவது மாணாக்கன் எழுத்திலக்கணத்துக்குள் நுழையுமுன் படிக்கும் முன்னுரைப் பகுதியிலேயே, வைத்துவிடுகிறது.

இவ்வாறு எண்ணுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரசாணை எழுதுவோர்க்கு விதி கூறும் அர்த்தசாஸ்திரம், முரண், கூறியதையே கூறல், இலக்கண வழு, ஒழுங்கின்மை ஆகியவற்றோடு, கறுத்த ஏட்டில் கோணலும் மங்கலுமாக எழுதுவதையும் ஒரு குற்றமாகச் சேர்த்து ஐந்தென்கிறது. மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதை, மருத்துவர்கள் தமக்குள் வாதம் செய்யும் முறையை விளக்கும்போது, குறைவு, மிகை, முரண் முதலியவற்றை வாக்கியக் குற்றங்களாக எண்ணுகிறது. எதிரில் ஒருவன் மறுக்கக் காத்திருக்கிறான் என்னும் உணர்வோடு பேசியவர்களின் உலகில் சரக சம்ஹிதையின் பட்டியல் வளர்ந்தது என்பதையும், தோல்விக்கு இடந்தரும் ஓட்டைகளே அங்குக் குற்றம் எனப்பட்டன என்பதையும் இவ்வொப்புமை காட்டுகிறது.

தொல்காப்பியத்தையும் நன்னூலையும் அருகருகே வைத்தால், பாதிக்கு மேற்பட்டவை பெயராலோ பொருளாலோ ஒத்திருக்க, எஞ்சியவற்றில்தான் சுவையான வேறுபாடு புலப்படுகிறது. பிறர் ஒப்பும் அடிப்படையின்றித் தன் கருத்தாகவே ஒன்றைப் படைத்துக் கூறுவதைத் தொல்காப்பியம் சிதைவென்கிறது; நன்னூல் அதனைக் கைவிட்டு, நூலாசிரியர் மேற்கொள்ளத்தக்க மதங்கள், அதாவது கொள்கை நிலைகள், ஏழனுள் தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்துவதையும், பிறர் கருத்தை முதலில் ஏற்பதுபோல் எடுத்துக்கொண்டு பின் களைவதையும் சேர்க்கிறது. இன்றைய ஆய்வேட்டில் முன்னாய்வு மதிப்பீடு எனப்படும் பகுதி செய்ய வேண்டிய பணி ஏறத்தாழ இதுவே.

பவணந்தி புதிதாகச் சேர்த்தவற்றுள் இரண்டு, மாணவர் கட்டுரைகளைத் திருத்துவோர் அன்றாடம் காண்பவை. எடுத்த பொருளை விட்டு இடையில் வேறொன்றைப் பெருக்குவது மற்றொன்று விரித்தல்: காவிரி நீர்ப் பங்கீடு பற்றிய கட்டுரை கல்லணையைத் தொட்டு, அங்கிருந்து கரிகாலனின் வெற்றிகளுக்குத் தாவி, பாசனத்துக்குத் திரும்பாமலே பக்கங்களை நிரப்புவது இதன்பாற்படும். போகப்போகச் சொல்லும் பொருளும் வலுவிழந்து முடிவது சென்று தேய்ந்து இறுதல்: முதல் இயலில் தலைப்புக்கான வரையறைகளை அடுக்கிக் களைத்த மாணவன், தான் கண்டறிந்ததைச் சொல்ல வேண்டிய இறுதி இயலை இரண்டு பத்திகளில் முடித்துவிடுகிறான். இலக்கணப் பிழையை எவரும் திருத்திக் கொடுத்துவிடலாம்; இவ்விரண்டையும் எழுதியவனே மீண்டும் எழுதினாலன்றித் திருத்த இயலாது என்பதால் இவையே கொடியவை.

பழைய பட்டியல்களில் இல்லாத ஒரு குற்றம் இன்று தலையாயதாகக் கருதப்படுகிறது. பிறர் சொற்களை எடுத்தாள்வதை நன்னூல் விலக்கவில்லை. முன்னோர் கூறிய பொருளோடு அவர்தம் சொற்களையும் பொன்போலப் போற்றுவதே வழிநூலுக்கு, அதாவது முன்னூல் ஒன்றைத் தழுவிச் செய்யும் நூலுக்கு, உரிய இயல்பு என்று காரணமும் காட்டுகிறது. பவணந்தியே தொல்காப்பிய நூற்பாக்கள் பலவற்றை மாற்றாமல் தம் நூலுள் வைத்துள்ளார். முதனூலை மனப்பாடமாகக் கொண்ட படிப்பாளிகளிடையே எடுத்தாண்ட தொடர் உடனே அடையாளம் காணப்பட்டது. ஆகவே அது மறைப்பு ஆகாமல் மதிப்பாயிற்று. அச்சு நூல்கள் பெருகி, எழுதுபவர் படித்ததைப் படிப்பவரும் படித்திருப்பார் என்னும் உறுதி அற்றுப்போன பின்னரே, மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் கட்டாயமாயின. அவை இன்றி எடுத்தாள்வது திருட்டு எனப்பட்டது. இம்மாற்றத்தை விளக்காமல் தண்டனையை மட்டும் அறிவிக்கும் வகுப்பறையில், மனப்பாடத்தையே கல்வியாகப் பயின்று வந்த மாணவன் தன் பிழை யாதென்று அறியாமல் திகைப்பது இயல்பே.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து எழுத்துத் தேர்வு கல்வியின் அளவுகோலாயிற்று. மிகைபடக் கூறலை இலக்கணம் கடிந்த மொழியில் விடைத்தாளின் கனம் மதிப்பெண்ணோடு சேர்த்து எண்ணப்பட்டது. நன்னூல் இன்றும் தமிழ்ப் பட்ட வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. பத்துக் குற்றங்களின் பெயர்களை வரிசை பிறழாமல் எழுதும் மாணவனின் ஏட்டை அந்தப் பத்தையே கொண்டு திருத்தும் வழக்கம் மட்டும் வேரூன்றவில்லை. ஆய்வு நெறியாளர்கள் அதனை முதல் இயல் கைக்கு வரும்போதே தொடங்குவது தக்கது.