எட்டணாவும் ஒரு குடையும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய இரயில் பாலம் திறந்துவைக்கப்பட்டது. அன்றே இராமேசுவரத்திலிருந்து நம் தாம்பரத்துக்குப் புதியதொரு விரைவுவண்டியும் புறப்பட்டது. வண்டி புதிது, தடம் பழையது. எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரம் வழியாகத் தெற்கே சென்ற 'போட் மெயில்' வண்டியை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். இரயிலுக்கு ஏன் போட் என்று பெயர் எனச் சிறுவர்கள் கேட்பதுண்டு. 1914 முதல் அவ்வண்டியில் சென்றோர் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். அதற்கு முன்னரோ, இரயிலில் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கடலில் ஓரிரவு கழித்துக் கொழும்பில் இறங்கினர். இன்று விடுமுறையைக் கழிக்கப் பலரும் நாடும் அத்தீவுக்கு அன்று சென்றவர்கள் பெரும்பாலும் வணிகரும் தோட்டக் கூலிகளுமே. அந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழியில் 1906 முதல் 1908 வரை நடந்த கட்டணப் போட்டியைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

இச்சிந்தனைக்கு வித்திட்டவர் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு சகோதரர். கைப்பேசியில் அழைத்தால் வரும் வண்டிகள், தொடக்கத்தில் சலுகைக் கட்டணத்தில் மக்களை ஏற்றிச் சென்றபோது அவருடைய அன்றாட வருமானம் பாதியானது. ஒருநாள் திருப்பலிக்குப்பின் நம்மிடம் வந்து, "நேத்து வரைக்கும் என் வண்டியில வந்தவங்க, இன்னிக்கு அதுல ஏறிப் போறாங்க. அவங்க மேல கோபம் கோபமா வருது, ஃபாதர், இது பாவமா?" என்று கேட்டார். அவருக்கு விடைகூற முயன்றபோதுதான் வ.உ.சிதம்பரனாரின் கப்பல் நம் நினைவுக்கு வந்தது.

தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தாரை முகவர்களாகக் கொண்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி கொழும்புக்குக் கப்பல் விட்டுவந்தது. பாரசீக வளைகுடா தொடங்கி பர்மா வரை நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை ஓட்டிய பெருநிறுவனம் அது. அரசின் தபால் ஒப்பந்தங்களும் அதன் கையில் இருந்தன. அதனை எதிர்த்து 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் பெரும் பங்குகளை வாங்கித் துணைநின்றார். பங்கின் விலை 25 ரூபாய் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு கடைக்காரரும் எட்டக்கூடிய தொகையாக அது வைக்கப்பட்டிருந்தது.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்க, ஷாலைன் பின்வாங்கியது. அப்போது சிதம்பரனார் இலங்கையில் ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரத்து அறாமல் காத்தார். பின்னர் பம்பாய் சென்று 'காலியா' என்னும் கப்பலை வாங்கி வந்தார். 'லாவோ' என்னும் கப்பலும் வந்து சேர்ந்தது. இரவல் வண்டியை நம்பித் தொழில் செய்பவரின் கழுத்து எவர் கையில் இருக்கும் என்பதைக் கம்பெனியார் இவ்வாறு முதலாண்டிலேயே கற்றனர்.

அதன்பின் கட்டணப் போர் மூண்டது. பிரிட்டிஷ் கம்பெனி தன் கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், ஏறுவோருக்கு ஒரு குடை கொடுக்கவும் முன்வந்ததாகக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நம் மக்கள் அந்தக் குடையைத் தள்ளிவிட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்று சொல்லும்போது நமக்கு உடல் சிலிர்க்கிறது. சிலிர்க்கத்தான் வேண்டும். ஆனால் குருத்துவப் பயிற்சியில் நாம் கற்ற ஒரு பழக்கம், எந்தக் கதையிலும் விடுபட்டவர் யார் என்று பார்ப்பது. குடையை வாங்கிக்கொண்டவர் ஒருவராவது இருந்திருப்பார் அல்லவா?

அவர் யாராக இருந்திருக்கலாம்? கங்காணியின் பின்னால் இலங்கைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட ஒரு கூலியை எண்ணிப் பார்ப்போம். கங்காணி தரும் முன்பணமும் வழிச்செலவும் அவர் பெயரில் கடனாக ஏறும். அக்கடன் தீரும்வரை தோட்டம் மாறவும் இயலாது. அவருக்கு எட்டணா என்பது உழைத்துத் தீர்க்க வேண்டிய கடன். அதே வேளையில், கப்பல் இலவசமானாலும் கங்காணியின் கணக்கேட்டில் வழிச்செலவு அழிக்கப்பட்டிருக்குமா என்ற ஐயமும் நமக்கு எழாமலில்லை.

ஒரு பொருளை மதிப்புக்கு மேல் விற்பது மட்டுமன்று, மதிப்புக்குக் கீழ் வாங்குவதும் நீதிக்குப் புறம்பானது என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தார். குருமடத்தில் முதற்பாதியையே நாம் விரிவாகப் படித்தோம். இரண்டாம் பாதியைப் புரட்டிவிட்டுச் சென்றோம். அதனை அந்தக் கூலியின் தலைமேல் சுமத்தலாமா? கூடாதென்றே கருதுகிறோம். விலையை வைத்தவர் அவரல்லர். தனக்கு நட்டம் வருமென்று தெரிந்தும், எதிரி வீழும்வரை அந்நட்டத்தைத் தாங்கத் துணிந்த பணப்பையே அந்த விலையை வைத்தது.

அத்தகைய விலைக்கு அன்றைய சட்டம் தடை விதிக்கவில்லை. 1885இல் சீனத்தின் ஹாங்கோ துறைமுகத்தில், தேயிலை ஏற்றும் பெரிய கப்பல் முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து, மொகல் கம்பெனி என்னும் போட்டியாளரை விரட்ட அடிமாட்டு விலைக்குச் சரக்கேற்றினர். மொகல் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1891 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, அது வணிகப் போட்டியே, குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. அதே 1891ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் திருத்தந்தை 13ஆம் லியோ, இருவரும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது என்று 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் எழுதினார். கூலிக்கு அவர் கேட்ட கேள்வியைக் கப்பல் கட்டணத்துக்குக் கேட்க நம் நாட்டுச் சட்டத்துக்கு மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் அடக்கவிலைக்கும் கீழே விற்பதை, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தும் செயலாக 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் குறிப்பிடுகிறது.

எனினும் சுதேசிக் கம்பெனியை வீழ்த்தியது கட்டணம் மட்டுமே என்று கூறினால் அது பாதி உண்மையே. கப்பலில் ஆள் குறையவில்லை. ஆனால் எட்டணாவுக்கு ஆள் நிறைந்த கப்பலும் நிலக்கரிக்கும் மாலுமிகளின் ஊதியத்துக்கும் பணம் கேட்கும். நூறு கப்பலுடையவர் ஒரு வழியில் விட்டதை மற்றொரு வழியில் எடுப்பார். இரண்டு கப்பலுடையவருக்கு அந்த வழி ஏது? இதற்கிடையே ஹார்வியாரின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களுக்குத் துணைநின்ற சிதம்பரனார் மார்ச் 12ஆம் நாள் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனை விதித்தார்; மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் வாடி 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது கம்பெனி இல்லை. 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. காலியாக் கப்பல் போட்டியாளரிடமே போய்ச் சேர்ந்ததாகக் கூறுவர். ஆ.இரா.வேங்கடாசலபதி 2023இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. ஆர்வமுள்ளோர் தேடிப் படிக்கலாம்.

தீவுக்குச் செல்லும் கப்பலின் கட்டணச் சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மீண்டும் தொடங்கிய சேவை சில மாதங்களிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' என்னும் கப்பல் புறப்பட்டபோது, முதல்நாள் சலுகைக் கட்டணம் 2,800 ரூபாய். வழக்கமான கட்டணம் 7,670 ரூபாய். ஒரு வாரத்துக்குள் பருவமழையை முன்னிட்டு அது நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் வேறொரு கப்பல் அவ்வழியில் ஓடத் தொடங்கியது.

குடைக் கதையை அந்த ஆட்டோச் சகோதரரிடம் கூறினோம். வாய்விட்டுச் சிரித்தார். கோபப்படுவது பாவமில்லை, ஆனால் அதைச் சவாரியிடம் காட்டாதீர் என்றோம். சற்று யோசித்துவிட்டு, "நம்ம கம்பெனி போன பிறகும் குடை குடுத்தாங்களா, ஃபாதர்?" என்று கேட்டார். 1914க்குப் பின் எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே சீட்டாக வாங்க முடிந்தது என்று சொன்னோம். இரயிலும் தென்னிந்திய இரயில்வேயுடையது, தனுஷ்கோடிக் கப்பலும் அதனுடையதே. அவர் தலையசைத்துவிட்டு, வேளச்சேரிக்கு ஆள் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.