பொதியும் இடாப்பும்

ரூஜ் ஆற்றைக் கடந்து செல்லும் 401 நெடுஞ்சாலையின் இந்தத் துண்டுக்கு 2007இல் ‘வீரர்களின் நெடுஞ்சாலை’ என்று பெயர் சூட்டினார்கள். ஆப்கானிஸ்தானில் மாண்ட கனடியச் சிப்பாய்களின் உடல்கள் ட்ரென்ரன் விமானத் தளத்தில் இறக்கப்பட்டு இவ்வழியாகவே ரொறன்ரோவுக்கு வந்தன. மேம்பாலங்களில் சனங்கள் கொடியோடு காத்து நின்றார்கள். உயிரோடு இருந்தவர்களுக்குக் காலுறையும் இனிப்பும் வாழ்த்தட்டையும் பெட்டி பெட்டியாகக் காந்தகாருக்குப் போயின. ஆமி வருகிறது என்றால் கதவைச் சாத்திப் பழகிய எமக்கு, ஆமிக்குப் பொதி கட்டுவது எளிதில் விளங்கக்கூடிய காரியமல்ல.

ஆனால் இந்நாட்டுக்கு அது பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போரின்போது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் போர்க்கைதிகளுக்கென ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் அதிகமான உணவுப் பொதிகளை அனுப்பியது. ரொறன்ரோவிலும் வேறு நகரங்களிலும் பெண்கள் கூலியின்றி வரிசையில் நின்று கட்டினார்கள். ஒரு பொதி 11 இறாத்தல். வெண்ணெய், இறைச்சி, சமன் மீன், முந்திரிகை வற்றல், பிஸ்கற், சொக்லேற், தேயிலை அல்லது கோப்பி, சவர்க்காரம், ஒரு பேணி பால்மா. ‘கிளிம்’ என்பது அந்தப் பால்மாவின் பெயர். பாலுக்கான ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுதியிருக்கிறார்கள். வெறும் பேணியைக் கைதிகள் குவளையாக்கினார்கள், அடுப்பாக்கினார்கள். பால்மாப் பேணியால் அரிசி அளந்த எங்கள் அம்மாமாருக்கு இது புதினமாய் இருந்திராது.

இத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரு பட்டியல். கைதியின் பெயர், பதவி, இலக்கம் ஆகியவை ஜெனீவாவில் அட்டைகளில் பதியப்பட்டன. போர்க்கைதி பொதி பெறலாம் என்பது 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை. ஜப்பான் அதில் கையொப்பமிட்டதே தவிர உறுதிப்படுத்தவில்லை. 1941 நத்தார் தினத்தில் ஹொங்கொங் வீழ்ந்தது. அங்கே போயிருந்த கனடியர் கிட்டத்தட்ட 2,000 பேர். அகப்பட்டவர்கள் முதற்பொதியைக் காண ஏறக்குறைய ஓராண்டு சென்றது. வந்ததும் சொற்பமே. ஆயினும் அவர்கள் பட்டியலில் இருந்தார்கள்.

அதே ஜப்பானியர், 1942 நடுப்பகுதியிலிருந்து 1943 ஒக்டோபர் வரை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் ரயில்பாதை போட்டார்கள். நேசநாட்டுக் கைதிகள் அறுபதினாயிரம் பேர் வேலை செய்தார்கள். பன்னீராயிரத்துக்கு மேல் இறந்தார்கள். இது திரைப்படமாகி உலகறிந்த கதை. அவர்களைவிடப் பல மடங்கு தொகையாக ஆசியத் தொழிலாளரும் அங்கு இருந்தார்கள். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் இறந்த ஆசியரின் தொகை எண்பதினாயிரம், தொண்ணூறாயிரம் என்று மதிப்பீடாகவே சொல்லப்படுகிறது. அவர்கள் சிப்பாய்களுமல்லர், கைதிகளுமல்லர், கூலிகள். எந்த உடன்படிக்கையும் அவர்களுக்குப் பொதி எழுதி வைக்கவில்லை.

தோட்டத்தில் அவர்களுக்கும் ஓர் இடாப்பு இருந்தது, காலையில் பெயர் கூப்பிட. அதை வைத்திருந்த கிராணிமாரில் மலையாளிகளோடு எங்கள் யாழ்ப்பாணத்தாரும் உண்டு. எங்கள் ஊர்களின் மலாயாப் பென்சன் கதைகளில் கல்வீடு வரும், இடாப்பு வராது. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதியதால் தமிழில் அந்தச் சாவுக்கு ஒரு தடயம் மிஞ்சிற்று.

காஞ்சனாபுரியில் நேசநாட்டுப் போர்வீரருக்கு மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல் வெட்டிப் பராமரிக்கப்பட்டவை. 1990இல் அதே பகுதியில் நிலத்தைத் தோண்டியபோது பெரும் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. எலும்புகளைப் பார்த்து, ஆசியத் தொழிலாளர் என்றார்கள். பெயர்க் கல் ஒன்றும் அங்கே இருக்கவில்லை.