ஷிப்ட் முடிந்த பிறகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு உட்கார்ந்திருந்தபோது அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. "மாமா, ஆன்லைன்ல எம்.காம் சேரலாம்னு இருக்கேன். நம்பலாமா? பணத்தைக் கட்டி, ரெண்டு வருஷம் படிச்சப்புறம் செல்லாதுன்னு சொல்லிட மாட்டாங்களே?"

அவள் இருப்பது கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டையில். இருட்டு விலகும் முன் எழுந்து, மாரிக்குப்பத்தில் ரயிலைப் பிடித்து, நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, இரவு வீடு திரும்புகிறவள். எங்கள் ஊரில் பாதிப் பேரின் பிழைப்பு இப்போது அந்த ரயிலில்தான்.

மெல்போர்னில் இருந்துகொண்டு "நம்பலாம்மா" என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். முடியவில்லை. வேலை முடிந்து வந்து படிப்பதும், படித்தது செல்லுமா செல்லாதா என்று பயப்படுவதும் எங்கள் ஊருக்குப் பழைய கதை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் நம் ஆட்கள். பெரும்பாலோர் ஊரில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். பூமிக்கு அடியில் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு மேலே வந்த இவர்களிடம் கூலியும் இருந்தது, ஒரு தாகமும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907ல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' (பிறகு 'தமிழன்') பத்திரிகை தங்கவயலில் விரும்பிப் படிக்கப்பட்டது. 1914ல் பண்டிதர் மறைந்தார். 1926ல் அந்த 'தமிழன்' மறுபடி உயிர் பெற்று வந்தது எங்கிருந்து தெரியுமா? சென்னையிலிருந்து அல்ல, தங்கவயலிலிருந்து! ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். (பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரை வேறு, இவர் வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்தா புத்தகசாலையும் எங்கள் ஊர்தான்.

என் தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும். லைன் வீட்டுத் திண்ணையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம், நடுவில் நிறுத்திச் சண்டை போடுவார்களாம். பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. அது செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. எந்த மேஸ்திரியும் அதற்காக ஒரு அணா கூலி கூட்டித் தரப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் அப்பா காலத்தில் காகிதம் வந்துவிட்டது. அவர் வெடி வைக்கும் பிளாஸ்டர். அதற்குச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் நடத்தும் தேர்வு உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் சட்டவிதிகளை மனப்பாடம் செய்து பாஸ் செய்தார். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 121 வருடங்களில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த இடம். நான் பி.காம் கடைசி வருடம். அப்பாவுக்கு வயது 51. அவர் சான்றிதழில் எந்தக் குறையும் இல்லை, அரசாங்க முத்திரையும் இருந்தது. ஆனால் பெங்களூரில் யார் வீட்டில் போய் வெடி வைப்பது? ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்த ஊரில் அதுவே அதிர்ஷ்டம்தான்.

அந்த வருடங்களில் எங்கள் தெருவில் தபால்காரர் கொண்டுவந்த காக்கி உறைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அஞ்சல்வழிப் பாடங்கள்! இந்தியாவில் இது 1962ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969லும், மதுரைப் பல்கலைக்கழகம் 1971லும் ஆரம்பித்தன. அண்ணாமலை 1979ல். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985ல். மைசூரின் அஞ்சல்வழிப் பிரிவே 1996ல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆனது. தமிழில் பாடம் வேண்டுமென்றால் மதுரை, அண்ணாமலை. கர்நாடகாவில் வேலை தேடுகிறவனுக்கு மைசூர். எல்லைக்கோட்டில் பிறந்தவன் பாடு இப்படித்தான், படிப்பிலும் இரண்டு தோணி.

அடி விழுந்தது 2015ல். மைசூர்த் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2013-14 கல்வியாண்டு முதல் அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. அறிவித்தது. தன் எல்லையைத் தாண்டித் தனியார் மையங்கள் மூலம் படிப்புகளை நடத்தியது குற்றச்சாட்டு. விதியை மீறியது நிர்வாகம், தெருவில் நின்றது மாணவன். 2018-19ல் அங்கீகாரம் திரும்ப வந்தது. நடுவில் சிக்கியவர்கள் வழக்கு, மனு என்று அலைந்தார்கள். அக்கா மகளின் கேள்வியில் இருக்கும் பயம் அந்த வருடங்களிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் மறக்கவில்லை.

இப்போது ஆன்லைனுக்கு வருவோம். சுரங்கம் மூடிய இரண்டாவது வருடமே, 2003ல், ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். தொடங்கின. ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 2017ல் 'ஸ்வயம்' வந்தது. 2020ல் சென்னை ஐ.ஐ.டி. டேட்டா சயின்ஸில் ஆன்லைன் பட்டப்படிப்பு தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பு இல்லை, தகுதித் தேர்வு மட்டும். பாடம் வீட்டில், பரீட்சை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. குடும்பச் சுமையால் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்த எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகப் படுகிறது.

அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. சொல்லிவிட்டது. சட்டம் சொல்லிவிட்டது, சரி. இன்டர்வியூ எடுக்கிறவர் சொல்ல வேண்டுமே!

2021ல் இன்னொன்றும் வந்தது, படிப்புக்கென்றே ஒரு வங்கி. எங்கே எந்தப் பாடம் படித்தாலும் அதன் கிரெடிட்டைக் கணக்கில் போட்டு வைத்து, பிறகு சேர்த்துப் பட்டமாக எடுக்கலாம். வங்கிக்காரனான எனக்குப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த கிரெடிட்டுக்கு அதிகபட்சம் ஏழு வருட ஆயுள். இந்தியாவில் வங்கியில் போட்ட பணத்தைப் பத்து வருடம் யாரும் கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அதற்குப் பிறகும் வாரிசு வந்து கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பணத்துக்கு இருக்கும் மரியாதை படிப்புக்கு இல்லை :-) தொழில்நுட்பப் பாடம் பழசாகிவிடும் என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பிரசவம், ஒரு மாமியார் வைத்தியம் என்று எட்டு வருடம் நின்றுபோன பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

என் கதையில் படிப்புக்கு உடனே கூலி கிடைத்தது ஒரே இடத்தில்தான். 2004ல் இந்தியாவில் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு தெரியுமல்லவா? 1928ல் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு நடத்துவது. ஆபீஸ் முடிந்து வந்து சொந்தமாகப் படித்து எழுத வேண்டும், பாஸானால் சம்பளத்தில் இன்கிரிமென்ட். அடுத்த மாதச் சம்பளச் சீட்டிலேயே தெரியும். யாரும் யாரையும் 'வாழ்நாள் முழுதும் கற்றல்' என்று உற்சாகப்படுத்தவில்லை, கிளையில் பாதிப் பேர் எழுதினோம். இங்கே மெல்போர்னில் வருடா வருடம் கட்டாய ஆன்லைன் பயிற்சி உண்டு. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தி, கடைசியில் பத்துக் கேள்வி. போன வருடம் என்ன படித்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அக்கா மகளுக்கு நீளமாகப் பதில் எழுதினேன். விளம்பரத்தை நம்பாதே, ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காதே. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் கல்வியாண்டு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீ சேரும் படிப்பும் நீ சேரும் வருடமும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள். உன் ஆபீஸ் மேனேஜரிடம் இப்போதே கேள், எம்.காம் முடித்தால் சம்பளம் கூடுமா, பதவி மாறுமா என்று. தாத்தா சான்றிதழை நினைத்துக்கொள் என்றும் எழுதிவிட்டு, பிறகு அந்த வரியை மட்டும் அழித்தேன். அது அவளுக்கே தெரியும், இன்னமும் அந்தச் சுவரில்தான் தொங்குகிறது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பட்டியலில் பார்த்துவிட்டாளாம், இருக்கிறதாம். மேனேஜர் "பார்க்கலாம்" என்றாராம். பணம் கட்டிவிட்டாள்.

"படிக்க நேரம் ஏதும்மா?" என்று கேட்டேன்.

"ரயில்லதான் மாமா. பங்காருபேட்டை தாண்டினா சிக்னல் நல்லா வருது. அதுவரைக்கும் தூங்கிக்கிறேன்."