சட்ட ஆலோசனை நிறுவனம்: தனியாகவா, பங்குடைமையாகவா, கம்பனியாகவா?

வடக்கிலும் கிழக்கிலும் இளம் சட்டத்தரணிகள் பலர் இப்போது வழக்குகளை மட்டும் நம்பியிருக்க விரும்புவதில்லை. காணி ஆவணங்களைச் சரிபார்த்தல், புலம்பெயர்ந்த உறவுகளுக்கான அற்றோர்னித் தத்துவம், தொழில் ஒப்பந்தங்கள், கம்பனிப் பதிவு என ஆலோசனை வேலைக்குக் கேள்வி இருக்கிறது. இதுபற்றிச் சில சட்டத்தரணிகளுடனும் கணக்காளர்களுடனும் பேசியபோது எல்லோரும் ஒரே கேள்வியில்தான் தொடங்கினார்கள்: "பிரதேச செயலகத்தில பதியிறதா, கம்பனியாப் பதியிறதா?"

அது இரண்டாவது கேள்வி என்பதே என் எண்ணம். என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்படி சட்டத்தரணியாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வது உயர் நீதிமன்றம். அந்த உரிமை ஓர் ஆளுக்குரியது. கம்பனி சத்தியப்பிரமாணம் செய்ய முடியாது, வழக்கில் பிரொக்சி தாக்கல் செய்யவும் முடியாது. நொத்தாரிசு அனுமதியும் அப்படித்தான். உறுதி எழுதுபவர் இன்னார் என்ற தனி மனிதரே. ஆகவே எந்தப் பெயரில் பதிந்தாலும் நீதிமன்ற வேலையும் உறுதி முடிப்பதும் ஆளோடுதான் இருக்கும். நிறுவனத்தின் பெயரில் வரக்கூடியது ஆலோசனை, ஆவண வரைபு, கம்பனிச் செயலாளர் சேவை போன்றவையே.

தனியாளாகத் தொடங்குவது மிக இலகு. சொந்தப் பெயரில் மட்டும் தொழில் செய்தால் வியாபாரப் பெயர்ப் பதிவுகூட வேண்டியதில்லை. வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். கடன் வந்தால் வீடு வளவு உட்பட உங்கள் சொத்து முழுவதும் அதற்குப் பொறுப்பு. அலுவலக வாடகையும் ஓர் உதவியாளரின் சம்பளமும் மட்டுமே செலவென்றால் அந்த ஆபத்து பெரிதல்ல.

சிக்கல் அதிகம் பங்குடைமையில்தான். சட்டக்கல்லூரியில் ஒன்றாகப் படித்த இருவர், "எங்களுக்குள்ள என்ன எழுத்து" என்று தொடங்கிவிடுகிறார்கள். அடுத்தவருக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பதே தொழிலாக உள்ளவர்கள் தங்களுக்கென ஒன்று எழுதாமல் இருப்பதைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் இதன் விளைவு சிரிப்புக்குரியதல்ல. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. அதன் 18 ஆம் பிரிவின்படி, மூலதனம் 1,000 ரூபாயை மிஞ்சும் பங்குடைமையை நிறுவும் உடன்பாடு எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட வேண்டும். அன்று 1,000 ரூபாய் பெருந்தொகை. இன்று ஒரு கதிரைக்கும் போதாது. ஆகவே நடைமுறையில் எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து வேண்டும்.

இதில் ஒரு வினோதம் உண்டு. எழுத்து இல்லாவிட்டால் பங்காளி ஒருவர் மற்றவர்மீது பங்குடைமையை நிரூபிப்பது கடினம். கடன் கொடுத்த மூன்றாம் ஆளுக்கோ சட்டம் விதிவிலக்கு வைத்திருக்கிறது. நீங்கள் பங்காளிகளாக நடந்துகொண்டதைக் காட்டி அவர் இருவர்மீதும் வழக்குப் போடலாம். அதாவது இலாபத்தில் பங்கு கேட்க முடியாதவர், கடனில் மட்டும் பங்காளியாக நிற்க நேரலாம். வருமானத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறும் இளையவர்களுக்கு இது சின்ன விடயமல்ல.

எழுதினாலும் எதை எழுதுவது? எமது பங்குடைமைச் சட்டம் இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. வேறு உடன்பாடு இல்லையேல் இலாபமும் நட்டமும் சமபங்கு. கால எல்லை குறிக்காவிட்டால் ஒருவர் அறிவித்தல் கொடுத்தே கலைக்கலாம். ஒரு பங்காளி இறந்தாலும் பங்குடைமை கலைந்துவிடும். பேறுகால விடுப்பில் ஒருவர் ஆறு மாதம் வராவிட்டால் பங்கு என்ன, விலகுபவர் கோப்புகளை எடுத்துச் செல்லலாமா, பெயர்ப்பலகையில் அவர் பெயர் நீடிக்கலாமா என்பவற்றையெல்லாம் நீங்களே எழுதிவைக்க வேண்டும். இப்படியான கவனத்தோடு நடந்தால் பங்குடைமை நீண்டகாலம் நிலைக்கும். கொழும்பில் 1879 இல் தொடங்கிய ஜூலியஸ் அன்ட் கிறீசி அதற்கு உதாரணம்.

இந்தியாவில் 2008 ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக வந்த, பொறுப்பு வரையறுக்கப்பட்ட பங்குடைமை என்ற நடுவழி இலங்கையில் இல்லை. பொறுப்பை வரையறுக்க விரும்பினால் கம்பனிதான்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரேயொரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் இருந்தாலே தனியார் கம்பனி பதியலாம். பங்குதாரர் 50 பேர் வரை. கம்பனிச் செயலாளர் ஒருவர் கட்டாயம். ஆண்டறிக்கையும் கணக்குகளும் ஒவ்வோர் ஆண்டும். பங்கிலாபம் பிரிக்கமுன் கடன் தீர்க்கும் ஆற்றல் உண்டென்று பணிப்பாளர்கள் உறுதிப்படுத்த வேண்டும். கம்பனியின் கடன் கம்பனியோடு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் வங்கிகள் பெரும்பாலும் பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையைக் கேட்கும். பிழையான ஆலோசனை கொடுத்த சட்டத்தரணியும் கம்பனிக்குப் பின்னால் ஒளிய முடியாது. அவரின் தொழில்சார் பொறுப்பு அவரோடுதான்.

வரியில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். 2025/26 வரி ஆண்டில் தனியாளுக்கு 18 இலட்சம் ரூபாய் விலக்கு. அதன்பின் 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை. கம்பனிக்குப் பொதுவான வீதம் 30, விலக்கு எதுவும் இல்லை. செலவு போக ஆண்டுக்கு 36 இலட்சம் மிஞ்சினால் தனியாள் செலுத்துவது 2 இலட்சத்து 22 ஆயிரம். அதே தொகை முழுவதும் கம்பனியின் இலாபமாக நின்றால் 10 இலட்சத்து 80 ஆயிரம். மீதியைப் பங்கிலாபமாக எடுத்தால் மேலும் 15 வீதம். கம்பனியிலிருந்து சம்பளம் எடுத்து இலாபத்தைக் குறைக்கலாம் என்பதால் உண்மையான இடைவெளி இவ்வளவு இராது. என்றாலும் சிறிய வருமானத்துக்குக் கம்பனி இலாபம் என்ற பேச்சு பிழை.

ஆலோசனை தேடிப்போகும் மக்களுக்கும் இதில் ஒரு விடயம் உண்டு. கம்பனி பதியச் சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை. ஆகவே "சட்ட ஆலோசனை" என்று பெயர்ப்பலகை மாட்டிய இடத்தில் சட்டத்தரணியே இல்லாமலும் போகலாம். சட்டத்தரணி தவறிழைத்தால் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம், சட்டத்தரணிகள் சங்கத்திடமும் போகலாம். சட்டத்தரணி இல்லாத கம்பனிமீது அந்த வழிகள் செல்லாது. காசு கட்டமுன் ஆலோசனை தருபவரின் பெயரைக் கேளுங்கள், பற்றுச்சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடங்குவோருக்கு என் தெரிவைக் கேட்டால்: ஒருவர் என்றால் சொந்தப் பெயரில் தொடங்கலாம். இருவர், மூவர் என்றால் எழுதிய பங்குடைமை. கம்பனிச் செயலாளர் சேவையோ பெரிய நிறுவனங்களுக்கான தொடர் ஒப்பந்தமோ வந்த பிறகு, அந்த வேலைக்கு மட்டும் தனியாகக் கம்பனி பதியலாம். அப்படிப் பதியும்போது வங்கிக் கணக்குகளை வேறாக்குங்கள். வாடிக்கையாளர் காணிக்காகத் தந்து வைத்த பணம் எந்தக் கணக்கிலும் அலுவலக வாடகைப் பணத்தோடு கலக்கக்கூடாது.