அம்பாசமுத்திரத்து டாக்டர்

நெல்லைச் சீமை அம்பாசமுத்திரத்தை எல்லோருக்கும் தெரியும். தேனிக்குப் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு கிராமம் உண்டு. விழித்திரை மருத்துவர் நம்பெருமாள்சாமி பிறந்தது இங்கேதான்.

அமெரிக்காவில் விழித்திரைச் சிகிச்சை பயின்று வந்தவர். 1970களில் அந்தத் தகுதிக்கு எந்தப் பெருநகரத்திலும் சிவப்புக் கம்பளம் காத்திருந்திருக்கும். அதை நாடாததோடு, கையிலிருந்த அரசு வேலையையும் விட்டுவிட்டு, அவரும் மனைவி டாக்டர் நாச்சியாரும் வந்து சேர்ந்த இடம் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு நடந்த கண் ஆஸ்பத்திரி. 1976இல் அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, நாச்சியாரின் அண்ணன். 58 வயதில் அரசுப் பணி ஓய்வு பெற்றவர். முடக்குவாதம் கோணலாக்கிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகியவர். வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின.

பெரிய வேலையை உதறியவர்களைப் பற்றி எழுதும்போது ஒரே ஆளையும் ஒரே நாளையும் மேடையேற்றுவது நம் வழக்கம். அந்தப் 11 படுக்கை ஆஸ்பத்திரியான அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை அதற்கு இடம் கொடுப்பதில்லை. அண்ணன் கூப்பிட்டார்; தங்கை வந்தார், தங்கை கணவர் வந்தார். கொல்கத்தா ஐஐஎம்மில் படித்த உறவினர் துளசிராஜ் 1981இல் வந்து நிர்வாகத்தைக் கையிலெடுத்தார். அவர் வரவு முக்கியம். ஏனென்றால் தியாகத்தை வைத்துக்கொண்டு மட்டும் ஆஸ்பத்திரி நடத்த முடியாது. பணம் கட்டுகிறவரின் கட்டணத்தில் கட்ட முடியாதவருக்கும் அறுவை நடக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலரைத் தொட்ட காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற சொந்த லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, ஏறக்குறைய 10 டாலருக்கே லென்ஸ் கொடுத்தார்கள்.

மதுரைக்கு அடுத்த கிளை, 1980களில், தேனியில்.

ஆனால் தேனியும் எல்லோருக்கும் பக்கமில்லை. விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர், கண்ணைக் காட்டத் தேனிக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் ஊரிலேயே கண் சோதிக்கும் விஷன் சென்டர்கள் வந்தன. 2000களின் நடுவில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, நெடுந்தூர வைஃபை வழியாகச் சின்னமனூர், போடி, ஆண்டிபட்டி போன்ற ஊர்கள் தேனி ஆஸ்பத்திரியோடு இணைந்தன. அம்பாசமுத்திரமும் அந்த ஊர்களில் ஒன்று. சென்டரில் கருவியில் மோவாயை வைத்து, நெற்றியை முட்டக் கொடுத்துப் பாட்டி உட்கார்ந்திருப்பார். பயிற்சி பெற்ற ஊழியர் சோதித்துச் சொல்ல, “எத்தனை நாளா மங்கலாத் தெரியுது பாட்டி?” என்று தேனி டாக்டர் திரையில் கேட்பார். கண்ணாடி போதுமா, அறுவை வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தேனிக்கு வர வேண்டியவர் மட்டும் வந்தால் போதும்.

நம்பெருமாள்சாமிக்கு 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2010இல் டைம் இதழின் செல்வாக்குமிக்க 100 பேர் பட்டியலிலும் இடம்பெற்றார்.

இதை வாசிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுப் பெரியவர் வாசற்படியில் தடுமாறினால் ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடாமல், இந்த வாரமே பக்கத்து விஷன் சென்டருக்குக் கூட்டிப் போங்கள்.