நத்தாரும் யூலும்

மார்கழித் திங்கள் பிறந்ததும் நம் திருவனந்தபுரத்தில் இருவகை இசை எழுகின்றது. வைகறையில் திருப்பாவை; இரவில் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் பாளையத்தில் விண்மீன் விளக்குகள் ஒளிர்கின்றன. இவ்விழாவுக்கு மேலை நாட்டார் வழங்கும் பெயர்கள் எவை, அவற்றுள் தமிழில் தங்கியது எது என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

ஆங்கிலேயரின் 'கிறிஸ்மஸ்', கிறிஸ்துவின் திருப்பலி எனப் பொருள்படும். ஜெர்மானியரின் 'வைநாக்டன்' புனித இரவுகளைச் சுட்டும். பிரெஞ்சுக்காரரின் 'நோயல்', போர்த்துகீசியரின் 'நத்தால்' ஆகிய இரண்டும் பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தவை. வடபுலத்து டேனியரும் சுவீடியரும் நார்வேயரும் மட்டும் 'யூல்' என்கின்றனர். 'நல்ல யூல்' என்பதே சுவீடனிலும் நார்வேயிலும் வாழ்த்து. டேனியர் 'மகிழ்ச்சியான யூல்' என்பர். கிறிஸ்துவம் புகுமுன்னரே அந்நாடுகளில் கடுங்குளிர்கால விழாவுக்கு வழங்கிய பெயர் அது. சமயம் மாறிய பின்னும் பழம்பெயர் மாறவில்லை.

அவர்தம் வழக்கங்களும் நமக்கு அயலானவை அல்ல. டிசம்பர் 24ஆம் நாள் மாலையே அங்குப் பெருவிழா. நார்வேயிலும் சுவீடனிலும் பறவைகள் உண்பதற்காகக் கதிர்க்கட்டைக் கம்பத்தில் கட்டிவைப்பர். கணுப்பிடி வைத்துக் காக்கைக்குச் சோறிடும் நம் மகளிர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? பாலில் அரிசி வேகவைத்த கஞ்சியில் ஒரே ஒரு வாதுமைப் பருப்பை மறைத்துவைத்து, அது கிடைக்கப்பெற்றவர்க்குப் பரிசளிப்பதும் உண்டு.

இவ்வடபுலத்தார் நம் கரைக்கும் வந்தனர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குத் தம் இந்தியக் குடியிருப்புகளை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றனர். ஏறத்தாழ 225 ஆண்டுகள் இருந்தும், 'யூல்' என்ற சொல் தமிழர் நாவில் தங்கவில்லை.

ஈழத்தைக் காண்க. அங்குள்ள தமிழர் இன்றும் இவ்விழாவை 'நத்தார்' என்றே அழைக்கின்றனர். அது போர்த்துகீசிய 'நத்தால்' என்பதன் திரிபே. யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் நேரே ஆண்டது 1619 முதல் 1658 வரை மட்டுமே. பின்னர் 1795 வரை ஒல்லாந்தர் ஆண்டனர். அவர்தம் 'கெர்ஸ்ட்மிஸ்' நிலைக்கவில்லை.

காரணம் யாது? போர்த்துகீசியர் கரையோர மக்களோடு மணவுறவு கொண்டனர். அவர்தம் மொழி கடைத்தெருவிலும் அடுக்களையிலும் புழங்கியது. சாவியும் மேசையும் அலமாரியும் நமக்கு அவ்வழியே வந்தவை. டென்மார்க் மன்னர் அனுப்ப 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியராகிய சீகன்பால்குவும் போர்த்துகீசிய மொழியைக் கற்கவேண்டியிருந்தது. டேனிய மொழியை மக்களிடம் பரப்ப அவர் முயலவில்லை. தாமே தமிழ் பயின்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்ற ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து, மயிலாடியில் பணியாற்றினார். இவ்வாறு டேனியர் துறைமுகத்தின் வழியே இப்பக்கம் வந்ததும் தமிழேயன்றி டேனிய மொழியன்று.

கோட்டையும் கொடியும் ஒரு சொல்லை வாழவைப்பதில்லை. வீட்டில் புழங்கும் நாவே வாழவைக்கின்றது. பிழைப்பின் பொருட்டு இந்நகரில் குடியேறிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது. அலுவலகத்தில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமும் நம் பிள்ளைகளுக்கு இன்றியமையாதவை. அவற்றை அவர்கள் நன்கு கற்கட்டும். ஆனால் ஆண்டுக்கொரு விழாவும் மலரும் மட்டும் அவர்களிடம் தமிழை நிலைநிறுத்தா. இரவு உணவின்போது தாயும் தந்தையும் பேசும் தமிழே அதனை நிலைநிறுத்தும். 'யூல்' கப்பலேறித் திரும்பியது; 'நத்தார்' வீட்டுக்குள் புகுந்து நிலைத்தது. நம் தமிழ் இவ்வூரில் எவ்வழிச் செல்லும் என்பது நம் கையில் உள்ளது.