கடைசி ஒற்றை இல்லாத புத்தகங்கள்

தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்கள் வன்னிக் கிராமம் முரசுமோட்டைக்கு வந்து சேர்ந்த கதைப்புத்தகம் எதுவும் முழுசாக இருந்ததில்லை. மட்டை போயிருக்கும். பின்னுக்கு எத்தனை ஒற்றை போனதென்பது கச்சானுக்குச் சரை சுற்றியவருக்கே வெளிச்சம். ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெய் முடியமுதல் வாசித்து, விடிய அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும்.

அப்படி வந்தவற்றில் அதிகமானவை இரண்டு பேருடையவை: கோயம்புத்தூர் ராஜேஷ்குமார், ரமணிசந்திரன். ஒருவர் கொலை, மற்றவர் காதல். இலக்கியக்காரர் இருவரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள். 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோதும் இருவரும் ஒரே அட்டைக்குள்தான் இருந்தார்கள். ஆனால் கிழிந்த பிரதியில் வாசித்த எங்களுக்கு இரண்டும் வேறு வேறு தொழில் என்பது அப்போதே தெரியும்.

ராஜேஷ்குமாரின் கதை பெரும்பாலும் இரண்டு தடத்தில் ஓடும். ஒரு அத்தியாயம் சென்னையில், அடுத்தது சம்பந்தமே இல்லாத இன்னோர் ஊரில். அவருடைய துப்பறிவாளர் விவேக் ஒரு பக்கம் துப்புத் துலக்க, மறுபக்கம் யாரோ ஒரு பெண் வேலைக்கான நேர்முகத்துக்குப் போய்க்கொண்டிருப்பாள். இரண்டும் முட்டும் இடம் கடைசிப் பக்கங்கள். அந்த ஒற்றைகள் இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது ஒரு கதை அல்ல, தொடர்பில்லாத இரண்டு அரைக்கதை.

ரமணிசந்திரனுக்கு அந்தக் கவலை இல்லை. ஒருநாள் நான் அக்காவிடம், “கடைசிப் பத்துப் பக்கம் இல்லையே, என்னெண்டு வாசிக்கிறியள்?” என்று கேட்டேன். அவர் தலை நிமிர்த்தவில்லை. “அதுக்கென்ன, சேருவினம்தானே.” பணக்கார நாயகன், தன்மானம் விடாத நாயகி, நடுவில் ஒரு தப்பெண்ணம். இருவரும் ஐந்து நிமிடம் மனம்விட்டுக் கதைத்தால் கதையே இல்லை என்று நான் பகிடி பண்ணுவேன். அவர்கள் எப்படிக் கதைக்காமல் இருக்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் அக்கா அதே புத்தகத்தைத் திரும்பவும் எடுத்தார். தப்பெண்ணம் தொடங்கும் முதல் ஒற்றைகள் காணாமற் போனால்தான் அவருக்குக் கோபம் வரும்.

இருவரின் எழுத்து வாழ்க்கையையும் இந்தக் கிழிசலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கொலைகாரன் ஆரென்று தெரிந்த புத்தகத்தை எவரும் இரண்டாம் முறை தொடுவதில்லை. ஆகவே மாதாமாதம் புதிது வேண்டும், பெட்டிக்கடைக் கொடியில் தொங்கவேண்டும். அறுபதுகளின் இறுதியில் சிறுகதையோடு தொடங்கிய ராஜேஷ்குமாரின் நாவல்கள் 1500ஐத் தாண்டியது அவருடைய வேகத்தால் மட்டுமல்ல, அந்த வகையே அவரை ஓட ஓட விரட்டியது. ரமணிசந்திரனின் நாவல்களோ 200க்குள்தான். ஆனால் திரும்பத் திரும்ப அச்சாகி, வாடகை நூலகங்களில் தாயிடமிருந்து மகளுக்குப் போயின. எண்ணிக்கையை வைத்து ஒருவரை உழைப்பாளி என்றும் மற்றவரைச் சோம்பேறி என்றும் சொல்ல முடியாது.

இதற்கிடையில், பக்கத்துப் பரந்தனில் தாமரைச்செல்வி எங்கள் வயலையும் இடப்பெயர்வையும் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் கைக்கு வந்ததோ தமிழ்நாட்டுக் கதைகள்தான்; முன்னர் அப்படி இருக்கவில்லை. எழுபதுகளில் இந்தியப் புத்தக இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில், வீரகேசரி பிரசுரம் ஈழத்து நாவல்களை மலிவாக ஊர் ஊராகக் கொண்டுபோனது. தண்ணீரூற்றுப் பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் அப்படி வந்ததுதான். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்ததும் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் வந்து குவிந்தன. எங்கள் ஊர்க் கதையைவிடக் கோயம்புத்தூர்க் கொலை எங்களுக்குக் கிட்டவானது அப்படித்தான்.

2002இல், மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தபின், நான் முடிவு தெரியாமல் வைத்திருந்த ராஜேஷ்குமார் நாவல் ஒன்று கிளிநொச்சிக் கடையொன்றில் முழுசாகக் கிடைத்தது. நின்ற நிலையிலேயே கடைசி நாலு பக்கத்தையும் வாசித்தேன். விவேக் மளமளவென்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு வருடமாக நான் சந்தேகப்பட்ட டொக்டருக்கும் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புத்தகத்தை வைத்துவிட்டு, அக்காவுக்கு ஒரு ரமணிசந்திரன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.